வண்டியில் பொருத்திய கார்ப்பெட் கழுவும் இயந்திரம்: சூடும் தண்ணீரும் சரியாக வராதபோது

வாண்டில் (கார்ப்பெட்டின் மேல் தண்ணீர் அடிக்கும் கைக்குழாய்) வரும் தண்ணீர் ஆறிப்போயிருந்தால் பலரும் முதலில் ஹீட் எக்ஸ்சேஞ்சரை (இன்ஜின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பாகம்) கழற்றப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அங்கே ஒரு கோளாறும் இருக்காது. சூட்டில் குறை தெரிந்தாலும் காரணம் தண்ணீரின் அளவிலோ, அது வரும் வழியிலோ இருப்பதே வழக்கம். அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் எடுங்கள்.

தண்ணீர் போகும் பாதையை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நல்ல தண்ணீர் டேங்கிலிருந்து 12 வோல்ட் சிறு பம்ப் தண்ணீரை மிதவைப் பெட்டிக்கு (மிதவை வால்வு மட்டத்தைக் காக்கும் சிறு பெட்டி) தள்ளுகிறது. பெட்டியில் இருந்து உயர் அழுத்த பம்ப் இழுக்கிறது. பம்பை அடுத்து பிரஷர் ரெகுலேட்டர்; வேண்டாத தண்ணீரை இது பைபாஸ் குழாய் வழியாகப் பெட்டிக்கே திருப்பி அனுப்பும். மீதித் தண்ணீர் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), ப்ளோயர் (அழுக்கை உறிஞ்சும் காற்றுப் பம்ப்) காற்று, இன்ஜின் புகை ஆகியவற்றின் சூட்டை வாங்கும் எக்ஸ்சேஞ்சர்களைக் கடந்து, ஃபில்டர் வழியாக ஹோஸுக்கும் வாண்டுக்கும் போகிறது. சூடு எல்லை மீறினால் டம்ப் வால்வு திறந்து, கொதிநீரை அழுக்குத் தண்ணீர் டேங்கில் கொட்டிவிடும். எக்ஸ்சேஞ்சர்களின் வரிசை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். இந்தச் சங்கிலி மாறாது.

இனி ஒரே ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடும் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த 0.07 கிலோவாட் வேண்டும். 25 டிகிரியில் வரும் தண்ணீரை நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டத்தில் 90 டிகிரிக்குக் கொண்டுபோக 5 × 65 × 0.07, அதாவது சுமார் 23 கிலோவாட் தேவை. அதே 23 கிலோவாட்டில் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓட்டினால் 41 டிகிரிதான் ஏறும். வாண்டுக்கு 66 டிகிரித் தண்ணீர்தான் கிடைக்கும். சோபா கழுவும் சிறு கருவியில் நிமிடத்துக்கு 2 லிட்டர் மட்டும் ஓட்டினால், கணக்குப்படி 164 டிகிரி ஏற வேண்டும். அவ்வளவு ஏற இயந்திரம் விடாது. டம்ப் வால்வைத் திறக்கும், இல்லாவிட்டால் நின்றுவிடும். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு விளக்கம் இந்த மூன்று எண்களில் இருக்கிறது.

வாளிச் சோதனை இப்படி: வழக்கமான வேலை அழுத்தத்தை வைத்து, வாண்டை வாளிக்குள் பிடித்துச் சரியாக 1 நிமிடம் ட்ரிகரை அழுத்துங்கள். விழுந்த தண்ணீரை அளந்து, தெர்மாமீட்டரை அதற்குள் விட்டுப் பாருங்கள். ஜெட்டிலிருந்து (வாண்டில் தண்ணீர் பீறிடும் சிறு முனை) பறக்கும் தூறலில் வைத்து அளக்காதீர்கள். காற்றில் போகும்போதே தூறல் பல டிகிரி ஆறிவிடும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பளபளக்கும் பித்தளை மீது காட்டினால் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, டேப்பின் மேல் அளந்தால் நம்பலாம். இயந்திரம் நன்றாக ஓடும் நாளில் எடுத்த அளவை மூடியின் உட்புறம் எழுதி வைத்திருந்தால், கோளாறு வரும் நாளில் வேலை பாதியாகும்.

சூடே ஏறவில்லை

இன்ஜின் 15 நிமிடம் வேலை வேகத்தில் ஓடட்டும். ஐடிலில், அதாவது சுமையில்லாமல் மெதுவாக, ஓடினால் புகைக்குச் சூடு இருக்காது. அந்த நிலையில் எக்ஸ்சேஞ்சரைக் குறை சொல்ல முடியாது. பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் டம்ப் வால்வு. வாண்டை மூடி வைத்துவிட்டு, டம்ப் வால்விலிருந்து அழுக்கு டேங்குக்குப் போகும் குழாயைக் கையுறையோடு தொடுங்கள். வால்வு திறக்க வேண்டிய வெப்பத்தை (செட் பாயின்ட்) தொடாத நிலையிலும் அது சூடாக இருந்தால் வால்வு ஒழுகுகிறது. சூடேறிய தண்ணீர் உங்களுக்கு வராமல் குப்பைக்குப் போகிறது. குழாய் முனையைக் கழற்றி வாளியில் விட்டால் சொட்டுச் சொட்டாகவோ தாரையாகவோ விழுவது தெரியும். வால்வை மூடும் சவ்வு (டயாஃப்ரம்) உட்காரும் இருக்கையில் சிக்கிய உப்புத் துகளே வழக்கமான காரணம். அழுத்தத்தை இறக்கி, ஆறவிட்டு, சோலனாய்டை (வால்வை இயக்கும் மின்காந்தம்) திறந்து இருக்கையைத் துடைத்து, டயாஃப்ரம் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். நல்ல தண்ணீர் வழக்கத்தைவிட வேகமாகத் தீர்ந்து, அழுக்கு டேங்க் சீக்கிரம் நிரம்புவதும் இதே கோளாறின் இன்னொரு முகம்.

இரண்டாவது, இன்ஜின் தெர்மோஸ்டாட்: கூலன்ட் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு. கூலன்ட் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் மாட்டியிருக்கும், அல்லது முன்பு யாரோ அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். இன்ஜின் குளிர்ச்சியாக ஓடுவது நல்லதுதானே என்று நினைப்பது தவறு. இங்கே கூலன்ட்தான் அடுப்பு.

மூன்றாவது, காற்றடைப்பு. கூலன்ட் மாற்றிய மறுநாள் சூடு போனால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் கூலன்ட் குழாயும் திரும்பும் குழாயும் இரண்டுமே சூடாக இருக்க வேண்டும். போகும் குழாய் சுட்டு, திரும்பும் குழாய் குளிர்ந்திருந்தால் உள்ளே கூலன்ட் ஓடவில்லை. இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எக்ஸ்சேஞ்சரின் மேல்புற இணைப்பைச் சற்றுத் தளர்த்தி, குமிழி நின்று கூலன்ட் மட்டும் வரும்வரை விட்டு இறுக்குங்கள்.

நான்காவது, புகை திருப்பும் தகடு. சில இயந்திரங்களில் புகையை எக்ஸ்சேஞ்சருக்கோ நேரே சைலன்சருக்கோ திருப்ப ஒரு தகடு இருக்கும். அதன் கம்பி கழன்றால் சூடு முழுவதும் வெளியே போய்விடும். லீவரை ஆட்டி, தகடும் கூடவே ஆடுகிறதா என்று பாருங்கள்.

முதல் ஒரு நிமிடம் கொதிக்கிறது, பிறகு இறங்குகிறது

எக்ஸ்சேஞ்சருக்குள் தேங்கி நின்ற தண்ணீர் முதலில் வருகிறது. அது தீர்ந்ததும் இயந்திரத்தின் உண்மையான திறன் தெரிகிறது. வாளிச் சோதனையில் 5 லிட்டர் வர வேண்டிய இடத்தில் 6 அல்லது 7 வந்தால், ஜெட் தேய்ந்துவிட்டது அல்லது அழுத்தம் கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறது. ஜெட் தேய்வது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் விரியும் விசிறி மட்டும் ஓரங்களில் கனத்து நடுவில் மெலியும். ஓட்டம் புதிய ஜெட்டைவிட 10 சதவீதம் கூடியிருந்தால், எல்லா ஜெட்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கார்ப்பெட்டில் கோடு விழும்.

ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். அழுத்தத்தை 28 பாரிலிருந்து (பார் என்பது அழுத்த அலகு) 20 பாருக்கு இறக்கினால் ஓட்டம் சுமார் 15 சதவீதம் குறையும். முன்பு 60 டிகிரி ஏறிய இடத்தில் அதே எரிபொருளில் 70 டிகிரி ஏறும். பல கார்ப்பெட்டுகளுக்கு இந்த அழுத்தமே போதும்.

ஓட்டமும் அழுத்தமும் சரியாக இருந்தும் சூடு நிற்கவில்லையா? உள்ளே வரும் தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்கள். மழையிலும் குளிரிலும் டேங்க் தண்ணீர் 10 டிகிரி குறைந்தால், வாண்டிலும் அதே 10 டிகிரி குறையும். இது பழுது அல்ல. ஜெட்டைச் சிறிதாக்குவதே வழி. தண்ணீரின் வெப்பமும் மாறவில்லை என்றால் எக்ஸ்சேஞ்சரில் புகைக்கரியோ உப்போ படிந்திருக்கிறது. உப்பை நீக்கும் வழிக்குக் கீழே வருகிறேன்.

அளவுக்கு மீறிச் சூடேறி இயந்திரம் நின்றுவிடுகிறது

சோபாவோ படிக்கட்டோ கழுவும்போது மட்டும் இது நடந்தால், மேலே சொன்ன 2 லிட்டர் கணக்குத்தான். இன்ஜின் வேகத்தைக் குறையுங்கள். புகை திருப்பும் தகடு இருந்தால் பாதி திருப்புங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை ட்ரிகரைத் தொடர்ந்து அழுத்தி, சூட்டை வாளியில் இறக்குங்கள்.

வழக்கமான வேலையிலேயே நின்றால் டம்ப் வால்வு திறக்காமல் இருக்கலாம். இன்ஜினை அணைத்து, சோலனாய்டுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். சத்தம் வந்தால் சோலனாய்டின் மின்கம்பிச் சுருள் (காயில்) நன்றாக இருக்கிறது. சென்சாரையோ ரிலேயையோ பாருங்கள். சத்தம் வராவிட்டால் காயிலை மாற்றுங்கள். சத்தம் வந்தும் தண்ணீர் கொட்டவில்லை என்றால் வால்வின் துளை உப்பால் அடைந்திருக்கிறது.

இங்கே விளையாடக் கூடாத ஒன்று உண்டு. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீராகவே இருக்கும். அந்த நேரத்தில் ஹோஸைக் கழற்றினால், அழுத்தம் போன கணத்தில் ஆவியாகப் பாய்ந்து கையை வேகவைத்துவிடும். எந்த இணைப்பைத் தொடும் முன்பும் இன்ஜினை ஐடிலில் விட்டு, வாண்டில் தண்ணீர் 50 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு இன்ஜினை அணைத்து, ட்ரிகரை அழுத்தி, கேஜ் பூஜ்யம் காட்டுவதைக் கண்ணால் பாருங்கள். அதிவெப்பம் கண்டால் இயந்திரத்தை நிறுத்தும் ஸ்விட்சை 'தொந்தரவு செய்கிறது' என்று வயர் போட்டுத் தாண்டுவதும், சேஃப்டி வால்வு ஒழுகுகிறது என்று அதற்கு மூடி போடுவதும் உயிரோடு விளையாடுவது.

பம்ப் தட்டுகிறது, கேஜ் முள் நடுங்குகிறது

உயர் அழுத்த பம்புக்குத் தண்ணீர் போதவில்லை, காற்று கலக்கிறது, அல்லது தண்ணீர் மிகச் சூடாக வருகிறது. மூன்றையும் பிரித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

மிதவைப் பெட்டியின் மூடியைத் திறந்து, ட்ரிகரை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். தண்ணீர் மட்டம் தொடர்ந்து இறங்கி, உறிஞ்சும் துளைக்கு மேல் சுழல் விழுந்தால் வரத்து போதாது. அடுத்த அறிகுறிக்குப் போங்கள். மட்டம் நிற்கிறது, ஆனாலும் தட்டுகிறது என்றால் உறிஞ்சும் பக்க ஃபில்டரைக் கழுவுங்கள். பின்பு கிளாம்ப்களை இறுக்கி, இணைப்புகளின் மேல் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிய நொடியில் சத்தம் மாறினால் அந்த இணைப்பில்தான் காற்று புகுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் தண்ணீர் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் பலர் ஒழுகலைத் தேடி ஏமாறுகிறார்கள்.

மூன்றாவது காரணம் அதிகம் கவனிக்கப்படாதது. வாண்டை நெடுநேரம் மூடி வைத்தால் தண்ணீர் பெட்டிக்கும் பம்புக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும். சில இயந்திரங்களில் அந்தச் சுற்றே ஒரு எக்ஸ்சேஞ்சர் வழியாகப் போகிறது. பெட்டித் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டினால் உறிஞ்சலில் குமிழி உருவாகிப் பம்ப் தட்டும். சாதாரண சீல்கள் இறுகி, வெடித்து, சில வாரங்களில் பம்பின் அடியில் சொட்டும். பெட்டியில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். நாற்காலி, மேசை நகர்த்தும் நேரத்தில் இன்ஜினை ஐடிலுக்கு இறக்குவது சீலின் ஆயுளைக் கூட்டும்.

டேங்க் நிறையத் தண்ணீர், ஆனால் பெட்டி காய்கிறது

டேங்க் மூடியைத் திறந்து வையுங்கள். உடனே ஓட்டம் தேறினால் காற்றுத் துளை அடைந்திருக்கிறது. டேங்க் சுவர் உள்ளே குழிவதும், முதல் 20, 30 லிட்டர் நன்றாக வந்துவிட்டுப் பின் மெலிவதும் இதன் அடையாளம். காற்றுத் துளை வெளியேறும் குழாயின் அளவுக்காவது இருக்க வேண்டும். மண்குளவி கூடு கட்டாதபடி அதற்கு வலை போடுங்கள்.

மாற்றம் இல்லையென்றால் சிறு பம்பின் முன்னால் உள்ள வலை ஃபில்டர். அதுவும் சுத்தமாக இருந்தால் மின்சாரம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முனைகளில் வோல்ட்டேஜை அளவெடுங்கள். நின்றிருக்கும்போது எடுத்த அளவுக்குப் பொருளில்லை. பேட்டரியில் 13 வோல்ட் இருந்து, பம்பில் 11-க்கும் கீழே இருந்தால் இடையில் மெல்லிய வயர், பச்சை பூத்த இணைப்பு, கருகிய ரிலே, இவற்றில் ஒன்று இருக்கிறது. எர்த் வயரை மறக்க வேண்டாம்.

உறிஞ்சும் குழாய் மென்மையான ரகமாக இருந்தால், வெயிலில் தளர்ந்து உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். கம்பிச்சுருள் பதித்த, உள்விட்டம் 19 மில்லிமீட்டர் குழாயாக மாற்றிவிட்டால் இந்தக் கதை முடிந்தது.

சிறு பம்ப் விட்டு விட்டு ஓடுகிறது. காலையில் வண்டிக்குள் வெள்ளம்

யாரும் தண்ணீர் பயன்படுத்தாத நேரத்தில் பம்ப் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நொடி ஓடினால், பம்புக்குப் பின்னால் எங்கோ கசிவு. பெரும்பாலும் மிதவை வால்வின் ரப்பர். ரப்பரைத் திருப்பிப் போட்டாலே சில மாதம் ஓடும். புதிது போடுவது மேல். ட்ரிகர் திறந்திருக்கும்போது பம்ப் மெஷின்கன் போலத் துடித்தால் அது கசிவு அல்ல: மிதவை வால்வு அரைகுறையாகத் திறந்து வழியை நெருக்குகிறது. மிதவைக் கையைச் சற்று வளைத்து முழுதாகத் திறக்கவிடுங்கள், அல்லது பம்பின் வெளிப்பக்கத்தில் ஒரு சிறு அழுத்தக் குடுவை பொருத்துங்கள்.

வெள்ளத்துக்குக் காரணம் வேறு. டேங்கின் மட்டம் பெட்டியைவிட உயரமாக இருந்தால், பம்ப் நின்றிருந்தாலும் தண்ணீர் அதன் வால்வுகளைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கும். மிதவை ரப்பர் சிறிது கசிந்தாலே போதும், இரவெல்லாம் சொட்டி டேங்கே காலியாகும். டேங்கின் வாயிலேயே ஒரு பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பி மூடும் வால்வு) போட்டு, வேலை முடிந்ததும் மூடுவதுதான் முழுத் தீர்வு.

டேங்கைக் கட்டும் பட்டையையும் அப்போதே பாருங்கள். 400 லிட்டர் தண்ணீர் 400 கிலோ. பாதி நிரம்பிய டேங்கில் அது முன்னும் பின்னும் அலைந்து, திடீர் பிரேக்கில் இயந்திரத்தின் மேல் மோதும். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத டேங்கை முழுதாக நிரப்புங்கள், அல்லது முழுதாகக் காலி செய்துவிட்டு வண்டியை எடுங்கள்.

வெள்ளைத் துகள், அடிக்கடி ஜெட் அடைப்பு

கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், சூடேறச் சூடேற எக்ஸ்சேஞ்சரின் உட்சுவரில் கல்லாகப் படிகிறது. துகள் வர ஆரம்பித்தது என்றால் உள்ளே ஏற்கெனவே ஒரு அடுக்கு இருக்கிறது என்று பொருள். ஒரு துகளை வெள்ளை வினிகரில் போட்டால் நுரைக்கும். நுரைக்காவிட்டால் அது ஹோஸின் உட்தோல் உரிவதாகவோ, கெமிக்கல் பொடியாகவோ இருக்கும். அதற்கு ஆசிட் உதவாது.

கல்லை நீக்க 20 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ சிட்ரிக் ஆசிட் கரையுங்கள். ஃபில்டர் வலையையும் ஜெட்டையும் கழற்றுங்கள். முடிந்தால் உயர் அழுத்த பம்பை விலக்கிவிட்டு, ஒரு சிறு பிளாஸ்டிக் பம்பால் எக்ஸ்சேஞ்சருக்குள் விட்டு வாளிக்கே திருப்புங்கள். 40 டிகிரி போதும். கொதிக்கவிட்டால் கால்சியம் சிட்ரேட் படிந்து, நீக்க வந்ததே அடைப்பாகிவிடும். அரை மணி நேரம் சுற்றவிடுங்கள். கரைசல் கலங்கி நுரை நின்றால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். கடைசியில் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஒருமுறை விட்டு, பிறகு வெறும் தண்ணீரைத் தெளியும்வரை விடுங்கள். கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள குளோரைடு ஸ்டெயின்லெஸ் குழாயில் ஊசித் துளை போடும். அலுமினிய உறுப்பு இருந்தால் எந்த ஆசிட்டுக்கும் முன் தயாரிப்பாளர் கையேட்டைப் பாருங்கள்.

நிரப்பும் இடத்திலேயே சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தைப் போக்கும் கருவி) வைத்துவிட்டால் இந்த வேலை அபூர்வமாகும். சாஃப்ட்னரை வைத்துவிட்டு உப்புப் போட மறப்பவர்கள்தான் அதிகம்.

வாடை, வழுவழுப்பு, பச்சைப் படலம்

வெளிச்சம் புகும் டேங்கில் பாசி பிடிக்கும். அதைவிட அஞ்ச வேண்டியது வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் வளரும் கிருமி. லெஜியோனெல்லா 20 முதல் 45 டிகிரிக்குள் பெருகும். வாண்ட் தூறலாக அடிப்பதை நாம் மூச்சில் இழுக்கிறோம். டேங்கில் தண்ணீரை வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள்.

5 சதவீத ப்ளீச் 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி என்றால் 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். 300 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. சிறு பம்பை ஓட்டிப் பெட்டிவரை நிரப்பி, 4 மணி நேரம் விட்டு, வடித்து, இருமுறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். இந்தத் தண்ணீரை ஹீட்டருக்குள் விட வேண்டாம். மிச்சம் இருந்தால் கார்ப்பெட்டின் சாயம் போகும். கல் நீக்கும் ஆசிட்டும் ப்ளீச்சும் சந்தித்தால் குளோரின் வாயு வெளிவரும். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள்.

வாடிக்கையாளர் வீட்டுக் குழாயில் நிரப்பும்போது, ஹோஸ் முனையை டேங்க் தண்ணீருக்குள் மூழ்கவிடாமல் மேலே நிறுத்துங்கள். குழாயில் அழுத்தம் திடீரென இறங்கினால் உங்கள் டேங்க் தண்ணீர் அவர்கள் குடிநீருக்குள் போய்விடும்.

கூலன்ட் அளவு மாறுகிறது

கூலன்ட் எக்ஸ்சேஞ்சர் உள்ளே துளைந்தால், ஓடும்போது தண்ணீர்ப் பக்க அழுத்தம் பல மடங்கு அதிகம் என்பதால் தண்ணீர் கூலன்ட்டுக்குள் புகுந்து ரிசர்வ் பாட்டில் பொங்கும். வேலை முடிந்து அழுத்தம் போனதும் கூலன்ட் தண்ணீருக்குள் திரும்பும். பாட்டில் பகலில் நிரம்பி வழிந்து, மறுநாள் முதல் தண்ணீர் இனிப்பு வாடையோடு நிறம் மாறி வந்தால் சந்தேகமே வேண்டாம். எத்திலீன் கிளைகால் விஷம். குழந்தையும் நாயும் படுக்கும் கார்ப்பெட்டில் அது போகக் கூடாது. அந்த நிமிடமே வேலையை நிறுத்துங்கள்.

புகை எக்ஸ்சேஞ்சர் துளைந்தால் சைலன்சரில் வெள்ளை ஆவி நிற்காமல் வரும், நிறுத்திய பின் தண்ணீர் சொட்டும். தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால், ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடு வளையும். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

பர்னர் வைத்த ஹீட்டர்

சில இயந்திரங்களில் டீசலோ கேஸோ எரியும் பர்னர் தண்ணீரைச் சூடாக்கும். அதில் கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை. கரி படிந்த சுருள் சூட்டை வாங்காது. வெள்ளைப் புகையும் டீசல் வாடையும் என்றால் எரிபொருள் எரியாமல் போகிறது: நாசிலையும் பொறி முனையின் இடைவெளியையும் பாருங்கள். எரியவே இல்லை என்றால் ஃப்ளோ ஸ்விட்ச்; ஓட்டம் குறைந்தால் அது நெருப்பை அனுமதிக்காது, அது அதன் வேலை. கேஸ் சிலிண்டரின் மேல் உறைபனி பூத்துச் சூடு குறைந்தால், சிலிண்டர் ஆவியாக்கும் வேகத்தைவிட நீங்கள் அதிகம் இழுக்கிறீர்கள். பெரிய சிலிண்டர் வேண்டும். புகைக்குழாய் வண்டிக்கு வெளியே போகிறதா, கதவு திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

குளிர் இரவுக்குப் பிறகு தண்ணீரே வரவில்லை

உள்ளே உறைந்திருக்கிறது. பம்பை ஓட்டாதீர்கள். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும். பம்பின் தலையோ எக்ஸ்சேஞ்சரோ பிளந்திருக்கலாம். சூடான கொட்டகையில் வண்டியை நிறுத்தி, தானாக உருகவிட்டு, குறைந்த அழுத்தத்தில் ஒவ்வொரு இணைப்பாக ஒழுகல் பாருங்கள். உறைபனி எதிர்பார்க்கும் இரவுகளில் டேங்கையும் பெட்டியையும் வடித்து, குழாய்களில் அழுத்தக் காற்று ஊதி, மிதவைப் பெட்டி வழியாகப் புரொப்பிலீன் கிளைகால் கலவையை இழுத்து வாண்டில் நிறம் தெரியும்வரை ஓட்டுங்கள். டம்ப் வால்வையும் ஒருமுறை திறந்து, அதற்குள்ளும் கலவை போகவிடுங்கள்.